பத்தாவது அணு

பவுல்ராஜ் அண்ணனுடைய பத்தை உலகத்தில் வேறு யாராலும் வரவழைக்க முடியவில்லை. பத்து என்றால் பத்து வெள்ளி அணுக்கள் சேர்ந்த கொத்து. வெள்ளித் தகட்டில் லேசரை அடித்து ஆவியாக்குவோம். ஆவி ஹீலியத்தில் குளிர்ந்து மூன்று, ஐந்து, ஒன்பது என்று கொத்துக் கொத்தாகச் சேரும். எங்கள் இயந்திரம் அவற்றை எடை பார்த்துத் திரையில் கோடுகளாக நிறுத்தும். சிதையாமல் தாங்குகிற கொத்துக்குக் கோடு உயரம். ஒன்பது உயரம், பத்து குட்டை. இது எங்கள் துறையில் எல்லாருக்கும் தெரிந்த சமாச்சாரம்.

அண்ணனுடைய இயந்திரத்தில் மட்டும் பத்து, ஒன்பதைத் தாண்டி நின்றது. அதையே ஆய்வேடாக எழுதினார். கருத்தரங்குகளில் பெரிய படிப்பாளிகள் பல்லைக் காட்டிச் சிரித்தார்கள். எனக்கு இன்றும் அந்த முகங்கள்மேல் கோபம் உண்டு. பட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள். போன மழைக்காலத்தில் ஆஸ்துமா முற்றி அண்ணன் இறந்துபோனார்.

வேறு ஒருவர் அதே முடிவைக் காட்டினால் இறந்தவர் பெயருக்குப் பட்டம் தரலாம் என்று கடைசியில் பல்கலைக்கழகம் இறங்கி வந்தது. அந்த வேறு ஒருவர் நான், ஈவ்லின், அவருக்கு அடுத்துச் சேர்ந்த ஆய்வு மாணவி. அவர் மனைவி கெஸியா அக்கா சோலூரில் டீச்சர். கல்லறைக் கல்லில் பெயருக்கு முன்னால் 'முனைவர்' என்று பொறிக்க இடம் விட்டு வைத்திருந்தார். அந்த வெற்றிடத்தைப் பார்த்த பிறகு எனக்கு வேறு எந்த வேலையும் ஓடவில்லை.

மாதக்கணக்காகப் பத்து தலையைக் காட்டவில்லை. பிறகு ஊட்டியையே மூடுபனி விழுங்கிய ஒரு வாரத்தில் வந்தது, ஒன்பதைவிட உயரமாக. அக்காவுக்குப் போன் போட்டு, உடனே பஸ் ஏறுங்கள் என்றேன்.

அவர் வருவதற்குள் சும்மா இருந்திருக்கலாம். கை ஊறியது, கணக்குப் போட்டேன். ஆறு தண்ணீர் மூலக்கூறுகளின் எடை கிட்டத்தட்ட ஒரு வெள்ளி அணுவின் எடை. ஒன்பது வெள்ளியில் ஆறு தண்ணீர் ஒட்டிக்கொண்டால் எங்கள் பழைய இயந்திரத்துக்கு அது பத்து வெள்ளிதான். எங்கோ கசிவு இருக்கிறது, ஈரக் காற்று உள்ளே போகிறது. ஐந்தும் ஏழும் ஒட்டாமல் ஆறு மட்டும் ஏன் ஒட்டியது என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

கசிவு எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை. எங்கள் குளிருக்கு ஹீலியக் குழாய் இணைப்பின் ரப்பர் வளையம் விறைத்துவிடும். அண்ணன் அதன்மேல் வாயை வைத்து, ஹா ஹாவென்று மூச்சுவிட்டு இளக்குவார். நாள் முழுக்க அதுதான் அவர் வழக்கம். அவ்வளவுதான் அவருடைய கண்டுபிடிப்பு. அவர் மூச்சையே அவர் எடைபோட்டிருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் திரையைச் சரியாகப் பார்த்தேன். பத்தின் கோடு ஒரே உயரத்தில் நிற்கவில்லை. ஏறியது, இறங்கியது. மூடுபனி அப்படிச் செய்யாது. இணைப்பின் பக்கத்தில் யாரும் இல்லை. நான் அறையின் மறுமூலையில் உட்கார்ந்திருந்தேன்.

கெஸியா அக்கா குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தார். "எங்க கண்ணு, காட்டு" என்று என் பக்கத்தில் நின்றார். கசிவைப் பற்றிச் சொல்லாமல் திரையைக் காட்டினேன். கோடு சின்னதாக இரண்டு முறை எழும்பி, ஒரு முறை நீளமாக இழுத்து அடங்கியது. மறுபடியும் அதே மாதிரி.

அக்கா மெதுவாகச் சொன்னார்: "இது அவரு மூச்சு கண்ணு. எத்தன வருசம் பக்கத்துல படுத்துக் கேட்டிருக்கறேன். எனக்குத் தெரியாதா?"

பயந்துபோனேன், அதை மறைப்பானேன். "கசிவுங்க்கா, வெறும் கசிவு" என்று ஸ்பேனரை எடுத்து, கை வலிக்க இணைப்பை இறுக்கினேன். காற்று உள்ளே போக இனி வழியில்லை. பத்து விழுந்தாக வேண்டும்.

விழவில்லை. முன்னைவிட வேகமாக ஏறி இறங்கியது. அப்படியென்றால் மூச்சு வெளியிலிருந்து வரவில்லை, உள்ளே இருந்தது. நான் அதன் வழியை மூடியிருந்தேன். இயந்திரத்தை வெற்றிடமாக்கும் பம்புகள் உள்ளே மிச்சமிருந்த காற்றையும் இழுத்துக்கொண்டிருந்தன.

"தொறந்து உடு கண்ணு. அவருக்கு முட்டுது."

ஸ்பேனர் வழுக்கியது. நானே இறுக்கிய நட்டு அசைய மறுத்தது. அக்கா திரையில் உள்ளங்கையை வைத்து, "மெதுவா, மெதுவா இழுங்க" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். நீளமான இழுப்பு நின்றது. சின்னவை மட்டும் வந்தன, இடைவெளி விட்டு. நட்டு கழன்று காற்று சீறிக்கொண்டு உள்ளே பாய்ந்தபோது கோடு ஏற்கெனவே படுத்துவிட்டிருந்தது.

அதற்குப் பிறகு வளையத்தை மாற்றாமலேயே எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்தேன். பத்து குட்டைதான்.

அன்று பம்புகளை ஒவ்வொன்றாக நிறுத்தினேன். பிறகு நான்தான், "பட்டம் வராதுங்க்கா" என்றேன்.

அக்கா திரையிலிருந்து கையை எடுக்கவில்லை. "மொதத் தடவ சாகறப்ப என்னைய ஐசியுக்கு வெளிய நிக்க வெச்சுட்டாங்க கண்ணு" என்றார். "இப்பக் கூடவே இருந்தேன்."