கம்பு அறுக்கும் வரை நின்ற கடல்

அவிநாசிபாளையத்துக்குக் கடல் வந்தது ஒரு புரட்டாசி மாதச் செவ்வாய்க்கிழமை, பத்தரை மணி டீக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில். ஊருக்குக் கிழக்கே முந்நூற்றுப் பத்து ஏக்கரா மேட்டாங்காட்டையும் நான்கு கிணறுகளையும் ஒரு டிரான்ஸ்பார்மரையும் மூடிக்கொண்டு, தனபாலின் பனியன் கம்பெனிப் பின்மதில் வரைக்கும் வந்து, இரண்டாவது செங்கல் நனைந்ததும் நின்றுவிட்டது. சத்தமே இல்லை. மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் தாமாக மேடேறி வந்தன. யாருக்கும் சேதமில்லை. கிராம நிர்வாக அலுவலர் வந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, உப்பு என்று எழுதிக்கொண்டு போனார். பல்லடத்திலிருந்தும் ஊத்துக்குளியிலிருந்தும் பஸ் பஸ்ஸாக ஜனங்கள் பார்க்க வந்தார்கள். தை மாதம் பிறப்பதற்குள் அதுவும் குறைந்து, கடல் வெறும் கடலாகிவிட்டது.

கடற்கரை ஊரில் இருப்பது எப்படியென்று அந்த ஊர் மெல்லத் தெரிந்துகொண்டது. முழங்கை உயரத்துக்கு மேல் அலை எழும்பாத கடல் அது. ஆனால் சத்தத்தை உறிஞ்சிக்கொண்டது. நிட்டிங் மெஷின்கள் பக்கத்து அறையில் ஓடுவதுபோலக் கேட்டன. லாரி ஆரன் இருமல்போலக் கேட்டது. ஆட்களும் தங்களை அறியாமல் குரலைத் தாழ்த்திப் பேசப் பழகினார்கள். ஊசிகள் சீக்கிரம் துருப்பிடித்தன. அலசிய துணி காய ஒரு நாள் கூடுதலாக ஆயிற்று. மீனுக்கென்று தனிச் சட்டி வாங்காத வீடே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மதில்மேல் உட்கார்ந்து பஜ்ஜி தின்றவர்களுக்கு, இப்படியொரு அமைதி தங்களுக்கு வெகுநாளாகவே பாக்கி இருந்ததுபோலத் தோன்றியது.

ரோஸ்மேரி மட்டும் அந்த மதிலில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. தனபாலின் கம்பெனியில் அவள் செக்கிங்கில் இருந்தாள். தைத்து வரும் பனியனில் தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. தெற்கே கடலோரத்தில் பிறந்தவள். சுனாமி வந்த காலையில் அவளுக்கு ஒன்பது வயது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள், கை நழுவிற்று, திரும்பிப் பார்க்காமல் கோயில் மேட்டுக்கு ஓடினாள். கை எந்த இடத்தில் நழுவியது என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, கட்டிய புருஷன் ராஜ்கமலிடம்கூட. எந்தப் பக்கம் நடந்தாலும் ஒரு நாளில் கடல் தட்டுப்படாத ஊராகத் தேடித்தான் பதினெட்டு வயதில் இங்கே வந்து சேர்ந்தாள். கடலும் வந்து சேர்ந்த பிறகு, செக்கிங் மேஜையில் அதற்கு முதுகு காட்டி உட்காரும்படி இடம் மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டாள். வீட்டு வாசலில் செருப்பை மேற்குப் பார்த்தே விடுவாள். ரேஷன் கார்டும் ஆதாரும் மகள் ஜனனியின் பிறப்புச் சான்றிதழும் ஒரு பாலித்தீன் பையில் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கின. ஆறு வருஷம் தொங்கின. சத்தம் போடாத கடலை நம்பக்கூடாது என்பது அவளுக்குத் தெரியும்.

கடலோடு ஒத்துப்போகாத இன்னொருத்தி தனபாலின் தாயார் கருப்பாத்தாள். அறுபத்திரண்டு வயது. கம்பெனி மகனுடையது, மதிலுக்கு அந்தப் பக்கம் மூழ்கிப்போன நாலு ஏக்கரா அவளுடையது. கடல் வந்த அன்றைக்கு அந்தக் காட்டில் கம்பு பால் பிடித்து நின்றது. இன்னும் பதினைந்து நாளில் அறுத்திருப்பாள். தினமும் காலையில் மதிலோரம் வந்து நின்று, தண்ணீருக்கடியில் தன் வரப்பு எங்கே ஓடுகிறதென்று கண்ணாலேயே அளந்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் போவாள்.

ஏழாம் வருஷம் ஆடி மாதம், வியாழக்கிழமை காலை எட்டே முக்காலுக்குக் கடல் உள்வாங்கியது. மதிலுக்குப் பின்னால் ஈரமான கருந்தரை அடிவானம் வரை விரிந்தது. கிணற்று மேடுகள் தெரிந்தன. துள்ளுகிற மீன்களை அள்ள ஷிப்டுக்கு வந்த இருநூற்றைம்பது பேரும் கூடையோடு இறங்கினார்கள். சுவரில் நண்டுகள் ஏறுவதைப் பார்த்த ரோஸ்மேரிக்குத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஆபீஸ் அறைக்குள் ஓடிப்போய் ஷிப்டுச் சங்கை அழுத்தி, சூப்பர்வைசர் கையைப் பிடித்து இழுத்தும் விடாமல் நின்றாள். சங்கு கேட்டால் மேஜைக்குப் போவது அத்தனை பேருக்கும் பல வருஷப் பழக்கம். கூடையோடு அத்தனை பேரும் மேலே வந்துவிட்டார்கள். அவர்கள் உள்ளே கால் வைத்தபோது, ஒரு மைல் தூரத்தில் கடல் எழுந்தது. மூன்று பனை உயரம் எழுந்து, வந்து, மதிலுக்கு ஒன்றரை பர்லாங் இருக்கையில் அப்படியே நின்றது.

நின்றதற்குக் காரணம் கருப்பாத்தாள் என்று பிற்பாடு தெரிந்தது. அவள் கம்பெனி ஆளல்ல. சங்கு அவளை ஒன்றும் செய்யவில்லை. மடியில் இரண்டு படி விதைக் கம்போடு இறங்கிப்போய், தன் எல்லைக் கல்லைக் கண்டுபிடித்து, சேறு வழித்துக்கொண்டிருந்தாள். தனபால் அனுப்பிய இரண்டு பேர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய் அவளைத் தோளோடு தூக்கினார்கள். அவள் பாதம் மண்ணைவிட்டு எழும்பிய அந்த நொடியில் அலை ஒரு வயல் தூரம் முன்னால் வந்தது. போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். பாதம் மண்ணில் பட்டதும் அது பழைய இடத்துக்குப் போய் நின்றது.

அன்றிலிருந்து அவிநாசிபாளையம் உண்மையாகவே அமைதியான ஊராயிற்று. எந்தச் சத்தத்துக்கு அது சரியும் என்று யாருக்கும் தெரியாததால் மெஷின்களை நிறுத்தினார்கள். பஸ்கள் ஊருக்கு வெளியிலேயே நின்றன. ஆடிக்குக் கோயில் தப்பு அடிக்கவில்லை. மூன்று கல்யாணங்கள் மேளமில்லாமல் நடந்தன. தும்மல் வந்தவர்கள் தலையணையைத் தேடினார்கள். ஆடிக்காற்று அலையின் உச்சியைக் கிள்ளி உப்புத்தூறலாக ஊர்மேல் தெளித்தது. பாதிப்பேர் மேற்கே அருள்புரத்துச் சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போனார்கள். போக இடமில்லாதவர்கள், வீட்டுக்குள்ளிருந்தே ஜன்னல் வழியாக அந்த நீர்ச்சுவரை நேரத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டு இருந்தார்கள். மத்தியானத்துக்குமேல் வெயில் அதற்குள் புகுந்து வரும்போது, உள்ளே பெரிய மீன்கள் ஊரை வேடிக்கை பார்ப்பது தெரியும்.

கருப்பாத்தாளுக்குச் சோறு கொண்டுபோக ஆளில்லை. தனபால் மூன்று முறை மதில் கதவு வரைக்கும் போனார். மூன்று முறையும் அங்கேயே உட்கார்ந்து அழுதார். இரண்டாம் நாள் மத்தியானம் ரோஸ்மேரி தூக்குப்போசியில் சோறும் ஒரு குடம் தண்ணீருமாகக் கிளம்பினாள்.

“ரோசு, உனக்கென்ன பைத்தியமா? பாப்பாவ நெனச்சுப் பாத்தியா?” என்றான் ராஜ்கமல், காற்றுக்கும் கேட்காத குரலில்.

“பாப்பாவக் கூட்டிட்டு அருள்புரம் போயிருங்க. நான் சோத்தக் குடுத்துட்டு வந்துருதேன்.”

“பெத்த மகனே போகல, உனக்கென்ன வந்துச்சு?”

அவள் குடத்தைத் தூக்கித் தோளில் வைத்தாள். இருபது வருஷத்தில் முதல்முறையாகக் கடலைப் பார்த்து நடந்தாள். குடத்துத் தண்ணீர் தளும்பித் தோள் நனைந்தது. அண்ணாந்தால் மட்டும்தான் உச்சி தெரியும் அளவுக்குக் கிட்டே வந்தபோது கருப்பாத்தாள் நிமிர்ந்தாள்.

“நீ செக்கிங்ல இருக்கற புள்ளதானொ கண்ணு? எங்கூட்டு ஆளுங்கெல்லாம் எங்கெ?”

“வரப் பயந்துட்டு நிக்காவம்மா. நீங்க சாப்பிடுங்க. சாப்புட்டு எந்திரிச்சு வாங்க, போயிருவோம்.”

“எங்கெ வாரது? கதிரு பால் புடிச்சு நிக்கையில வந்து அள்ளீட்டுப் போச்சு, சொல்லாம கொள்ளாம. எம்பட போகம் ஒண்ணு அதுகிட்ட நிக்குது. அறுத்துட்டுத்தான் வருவேன். அதுவரைக்கும் நிக்கட்டும், அதுக்கென்ன காலு வலிக்குதா?”

சொல்லிவிட்டு, தூக்குப்போசி மூடியில் தனக்கு முன்னால் ரோஸ்மேரிக்குச் சோறு எடுத்து வைத்தாள். தன் வீட்டு வாசலில் செக்கிங் பெண்களுக்கு வேறு டம்ளர் வைத்திருந்தவள் அவள். இரண்டு பேரும் ஒரே பாத்திரத்துச் சோற்றைத் தின்றார்கள்.

ஆறு வருஷம் உப்பில் ஊறிய மண்ணில் கம்பு நான்காம் நாளே முளைத்தது. விதைத்தது ஒரு ஏக்கரா. ரோஸ்மேரி தினமும் வந்தாள். சோறு கொண்டுவந்தவள் களை எடுத்தாள். களை எடுத்தவள் ராத்தங்கவும் பழகினாள். கதிர் வந்ததும் குருவிகள் வந்தன. கத்தி விரட்ட முடியாது. கம்பெனியிலிருந்து கலர் கலராக வேஸ்ட் துணி கொண்டுவந்து குச்சிகளில் கட்டிக் கைவீசி விரட்டினார்கள். தீபாவளியன்று ஊரில் ஒரு பட்டாசுகூட வெடிக்கவில்லை. பலகாரத்தைக்கூட ஓசைப்படாமல்தான் கடித்தார்கள்.

கதிர் முற்ற முற்ற ஊருக்கு வேறொரு பயம் பிடித்தது. கிழவி மேலே வந்தால் அலையும் வருமே? ஊர்ப் பெரியவர் ரத்தினசாமியும் நாலைந்து பேரும் மதில் கதவோரம் ரோஸ்மேரியை நிறுத்தினார்கள். தனபால் அவர்களுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

“ஏனுங்க அம்மிணி, அவிய அங்கியே இருந்துக்கட்டுமுங்க. அறுத்ததும் மறுக்கா வெதைக்கச் சொல்லுங்க. சோறு தண்ணிக்குக் கொறையில்லாம நாங்க பாத்துக்கறமுங்க” என்றார் ரத்தினசாமி.

“சாவுத வரைக்குமா?” என்று கேட்டாள் ரோஸ்மேரி.

 அவள் தனபாலைப் பார்த்தாள். அவர் நிமிரவில்லை. அன்று சாயங்காலம் அவர்கள் சொன்னதை ஒரு சொல் விடாமல் கருப்பாத்தாளிடம் சொன்னாள். மகனும் நின்றானா என்று கருப்பாத்தாள் கேட்டாள். நின்றார் என்றாள். கருப்பாத்தாள் வெகுநேரம் ஒரு கதிரைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தாள். பிறகு, “நாளைக்குக் கருக்கருவாளு ரெண்டு கொண்டா கண்ணு” என்றாள்.

அறுவடை பதினோரு நாள் நடந்தது. ரோஸ்மேரி கதிர் மூட்டைகளைச் சுமந்துபோய் மதில் கதவோரம் அடுக்கினாள். கடைசி நாள் விடிந்ததும் ஊரில் மிச்சமிருந்தவர்கள் தாராபுரம் ரோட்டுக்கு மேற்கே போய் நின்றுகொண்டார்கள். தாளெல்லாம் சாய்ந்து காடு மொட்டையான பிறகு கருப்பாத்தாள் கடைசி மூட்டையைத் தலையில் வைத்தாள். ரோஸ்மேரி அவள் இடது கையைப் பிடித்தாள். எல்லைக் கல்லைத் தாண்டியதும் முதுகில் குளிர் ஏறியது, கடல் நகர்ந்துவிட்டது.

“ஓடலாம்மா.”

“எனக்கு முட்டிவலி கண்ணு. நீ வேணா ஓடிக்க.”

ரோஸ்மேரியின் கால்கள் ஓடத்தான் பார்த்தன. ஒன்பது வயதில் ஓடிய அதே கால்கள்.  விரல்களை அந்தக் காப்புக்காய்ச்சிய கையில் இன்னும் இறுக்கிக்கொண்டு, கிழவியின் முட்டி எடுத்த வேகத்துக்கே நடந்தாள். நூறடி போனதும் கருப்பாத்தாள் மூச்சு வாங்க நின்றாள். கடலும் நின்றது. மூட்டையிலிருந்து ஒரு கதிர் விழுந்தது. விடுங்கம்மா என்றாள் ரோஸ்மேரி. கருப்பாத்தாள் விடவில்லை, குனிந்து தேடி எடுத்து மடியில் செருகிக்கொண்டாள். மூன்று பனை உயரத் தண்ணீர் பத்தடி பின்னால் நின்று, அவள் செருகி முடிக்கும்வரை காத்திருந்தது. அப்படி நின்று நின்று அந்த ஒரு பர்லாங்கைக் கடக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. மேற்கே ரோட்டில் நின்றவர்களில் பலர் கண்ணை மூடிக்கொண்டார்கள். தனபால் மட்டும் அவர்களை விட்டு ஓடி வந்து, மதில் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். கருப்பாத்தாள் அவரைப் பார்க்காமல் உள்ளே வந்தாள். ரோஸ்மேரி வந்தாள். கதவைச் சாத்தினார்கள். பின்னால் கடல், உயர்த்திப் பிடித்த துணியை இறக்குவதுபோல மெல்ல மெல்லத் தாழ்ந்து படிந்து, இரண்டாவது செங்கலை நனைத்து நின்றது.

ரோஸ்மேரி அங்கேயே தரையில் உட்கார்ந்து சத்தம்போட்டு அழுதாள். மூன்று மாதத்தில் ஊர் கேட்ட முதல் சத்தம் அது. ஒன்றும் ஆகவில்லை என்று கண்டதும் கைக்குழந்தைகள் அழுதன, நாய்கள் குரைத்தன, யாரோ ஒருவர் நிட்டிங் மெஷினைப் போட்டுப் பார்த்தார். சாயங்காலம் ஜனனியோடு வந்த ராஜ்கமலிடம், கை எந்த இடத்தில் நழுவியது என்பதை அவள் சொன்னாள்.

அடுத்த வருஷம் ஆடியிலும் கடல் உள்வாங்கிப் போய் அதே இடத்தில் எழுந்து நின்றது. தனபால் முதல் வேலையாக டிராக்டர்காரருக்குப் போன் போட்டார். ரோஸ்மேரி செக்கிங்கில் மூன்று மாத லீவு எழுதிக் கொடுத்தாள். காரணம் என்ற இடத்தில் காட்டு வேலை என்று எழுதினாள். ரத்தினசாமி தன் மூன்று ஏக்கராவில் நிலக்கடலை போடுவதாகச் சொன்னார். கருப்பாத்தாள் நின்றுகொண்டிருந்த கடலை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கடலைக்காய்க்கு மூணரை மாசம் ஆவுமுங்க, அது தொண்ணூறு நாளைக்கு மேல தாங்காதுங்க, எள்ளே போடுங்க என்றாள்.