கள்ளிக்கு அடியில் ஒரு வாய்

செம்மறி விழுந்த குழிக்குள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஷீர் இறங்கினான். கால் தரை தொட்டிருக்கும், அதற்குள் விளிம்பு மண் சரிந்து குழியை மூடிவிட்டது. மேலே நின்ற அவன் மனைவி மொஞ்சியா தொண்டை கிழியக் கூப்பிட்டாள். கயிறு அசையவில்லை.

பக்கத்துத் தோட்டத்து ஜல்லூல் மண்வெட்டியோடு ஓடிவந்தார். மண் தோண்டும் இயந்திரம் வர இரண்டு மணி நேரமாகும், அதுவரை தோண்டுவோம் என்றார். அள்ள அள்ள மண் வந்து விழுந்தது. மொஞ்சியாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கயிற்றை இழுத்தாள், எழுந்தாள், ஒலிவ மரங்களுக்கிடையே போனாள், திரும்பி வந்தாள்.

கீழே இருப்பது ரோமானியர் கால்வாய். ஜகுவான் மலைத் தண்ணீரைக் கார்தேஜ் என்ற பழைய நகரத்துக்குக் கொண்டுபோனது. சமவெளியில் கல் வளைவுகளின் மேல் போகும், இங்கே தரைக்குள். போன வருடம் அதை அளக்க வந்தவர்களுக்கு மொஞ்சியாதான் தேநீர் கொடுத்தாள். கட்டியவர்கள் மண்ணை மேலே ஏற்றவும், பிறகு வண்டல் வாரவும் வழிநெடுக மேலே திறக்கும் வாய்கள் விட்டிருக்கிறார்கள் என்று அவர்கள் பேசிக்கொண்டது இப்போதுதான் மண்டையில் உறைத்தது.

மேட்டுப் பக்கம் கால்வாய் முன்பே இடிந்து அடைபட்டுக் கிடந்தது. பள்ளத்துப் பக்கம் சப்பாத்திக்கள்ளி வேலி. அங்கே ஒரு குழியைக் கல் போட்டு மூடியதாக மாமனார் சொன்னதுண்டு.

"புருஷன் இங்க கிடக்கான், நீ எங்கம்மா போறே?" என்றார் ஜல்லூல்.

"உயிரோட இருந்தா அந்த மனுஷன் ஒரு இடத்துல உக்கார மாட்டார், அண்ணே."

கள்ளியை வெட்டித் தள்ளினாள். கையெல்லாம் முள். கல் அசையாததால் ஜல்லூலைக் கூப்பிட்டாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே வந்து கடப்பாரை போட்டார். கல் நகர்ந்ததும் குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. குப்புறப் படுத்துத் தலையை உள்ளே விட்டுக் கூப்பிட்டாள். சத்தமில்லை. மறுபடி கூப்பிட்டாள். வெகுநேரம் கழித்து, இருட்டுக்குள் ஏதோ உரசியது.

"முதல்ல ஆட்டைத் தூக்கு," என்றது பெஷீரின் கரகரத்த குரல். "சினையா இருக்கு."

"ஆடு கிடக்கட்டும். கையைக் குடுங்க."

மேலே வந்த அவனுக்குத் தோள்பட்டை பிசகியிருந்தது. இருட்டில் திசை தெரியாமல், புட்டியிலிருந்த தண்ணீரைத் தரையில் ஊற்றி, அது ஓடுகிற பக்கத்தை விரலால் தடவிப் பார்த்து நகர்ந்தானாம். சரிவு நூலளவுதானாம், ஆனால் தண்ணீர் ஒரு முறைகூடத் தயங்கவில்லையாம்.

அன்றிரவு அவன் குறட்டை விட்டுத் தூங்கினான். மொஞ்சியாவுக்குக் கண் மூடவில்லை. இந்த நிலத்துக்கடியில் இன்னும் எத்தனை வாய்கள் திறக்கக் காத்திருக்கின்றனவோ. விடிந்ததும் கடப்பாரையோடு கிளம்பி, தரையைத் தட்டித் தட்டிக் காது கொடுத்தபடி நடந்தாள்.