கேட்போர்: எவருமில்லை

நேமத்தான்பட்டிக்குக் கிழக்கே இருந்த தமிழ்க் கல்லூரியின் நூலகத்தில், ஒரு புத்தகத்தைப் பற்றிய குறிப்பைப் பிழையில்லாமல் எழுதி முடித்தால், மறுநாள் காலையில் அந்தப் புத்தகத்தில் எழுத்து இருக்காது. அட்டை இருக்கும், தாள் இருக்கும், கல்லூரியின் ஊதா முத்திரை இருக்கும். எழுத்துகள் மட்டும் இரவோடிரவாக உதிர்ந்து, அலமாரிக்கு அடியில் கருஞ்சீரகம் போலக் குவிந்து கிடக்கும். கூட்டிப் பெருக்குகிற சிட்டாள் என்பவள் அதை முறத்தில் அள்ளிக் கிணற்றடியில் கொட்டுவாள். அங்கே ஒரு சுரைக்கொடி படர்ந்து ஏகமாகக் காய்த்தது. அந்தக் காயைத் தின்று யாரும் பண்டிதராகிவிடவில்லை.

கல்லூரியைக் கட்டியவர் ரங்கூனில் கடை வைத்திருந்த ஒரு செட்டியார். காரியதரிசியும் அவரே. பர்மாத் தேக்கில் அலமாரி செய்து, மதராஸிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் மாட்டு வண்டிகளில் புத்தகம் கொண்டுவந்து நிறைத்தபின், அவருக்கு ஒரு குறை இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று வருகிற பெரிய மனிதர்களிடம் சொல்ல முடியவில்லை. அதனால் நூலடைவு ஒன்று செய்து அச்சுப் போட வேண்டும், வெறும் பெயர் மட்டும் போதாது, ஒவ்வொரு புத்தகமும் என்ன சொல்கிறது என்று அதனதன் கீழே குறிப்பும் வேண்டும் என்றார். தலைமைப் பண்டிதர் மெய்யநாதர் அதற்குப் பழைய பாயிர முறையையே விதியாக வைத்தார். ஆக்கியோன் யார், எந்த வழியில் வந்தது, எந்த எல்லைக்குள் வழங்குகிறது, நூலின் பெயர், யாப்பு, சொல்ல வந்த பொருள், கேட்போர், பயன். இந்த எட்டுக்கும் விடை எழுதினால் ஒரு பதிவு முடிந்தது. எழுதும் வேலை செம்மலைக்கு வந்தது. அவன் பக்கத்து ஊரில் உழுது பிழைத்த சம்சாரி ஒருவரின் மகன். அந்தக் கல்லூரியிலேயே படித்து முதலாவதாகத் தேறி, போக இடமில்லாமல் அங்கேயே நூலக எழுத்தனாக நின்றவன்.

முதலில் வெளுத்தது ஒரு சிறிய நீதிநூல். செம்மலை அதைப் பண்டிதரிடம் கொண்டுபோனான். அவர் தாளைப் புரட்டிப் பார்த்து, சாறு எடுத்த பிறகு சக்கை எதற்கு என்று கேட்டுவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார். காரியதரிசி, தாள் நல்ல தாள்தானா என்று மட்டும் விசாரித்தார். நல்ல தாள்தான். காரைக்குடியிலிருந்து மீரான் சாகிபு என்ற பைண்டர் மாதம் ஒருமுறை வந்து, வெளுத்தவற்றை வாங்கிப் புது அட்டை போட்டு ரங்கூன் கடைகளுக்குக் கணக்குப் புத்தகமாக அனுப்பினார். புத்தகம் வெளுத்தால் அதைப் படித்தவர்கள் மனத்திலிருந்தும் அது போய்விடும் என்பது கொஞ்சம் பொறுத்துத்தான் தெரிந்தது. கையால் படி எடுத்து வைத்திருந்தவர்களின் ஏடுகளும் சேர்ந்தே வெளுத்தன. அடைவில் எழுதிய வரிகள் மட்டும் எல்லாருக்கும் பாடமாக நின்றன. மாணவர்கள் இதை வரவேற்றார்கள். மதராஸில் இருந்த படிகளுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் கடிதம் போட்டுக் கேட்கவில்லை.

ஒரே ஒரு புத்தகம் முரண்டு பிடித்தது. சுரங்களைப் பற்றிய தடித்த வைத்திய நூல் அது. செம்மலை எட்டையும் எழுதி வைத்தும் மறுநாள் அதில் எழுத்து அப்படியே இருந்தது. பண்டிதர் பதிவை வாங்கிப் பார்த்தார். கேட்போர் என்ற இடத்தில், அதைக் கல்லூரியில் மாணவர்களே புரட்டிக்கொண்டிருந்ததால், மாணவர் என்று அவன் எழுதியிருந்தான்.

"யாரு படிக்கிறான்னு ஒன்னைய யாரு கேட்டா? யாருக்காகச் செஞ்சதோ அவன்தாண்டா கேட்போன். கல்யாண வீட்டுல கூட்டுறவன் காதுலயும்தான் மந்திரம் விழுகுது, அவனா மாப்பிள்ளை?"

செம்மலை அதை அடித்து, வைத்தியர் என்று திருத்தினான். மறுநாள் சிட்டாள் இரண்டு முறம் அள்ளினாள்.

செம்மலையின் மனைவி சோலையம்மாள். காரைக்குடியில் ஒரு ஆச்சி வீட்டில் சிறு பெண்ணாக வேலைக்கு நின்றபோது, அந்த வீட்டுப் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வந்தவளின் பின்னால் விசிறியோடு நின்று எழுத்துப் படித்தவள். மகன் மருது பிறந்ததும் அவனுக்குத் தாலாட்டுக் கட்ட ஆரம்பித்தாள். பகலில் பாடியதைச் சாயங்காலம் எழுதி வைப்பாள். கல்லூரியில் மிச்சப்பட்ட தாள்களைச் செம்மலை தைத்துக் கொடுத்திருந்தான். பொன்னும் மணியும் தொட்டிலும் கொண்டுவருகிற மாமன்கள் அந்தப் பிள்ளைக்கு இல்லாததால், அவள் பாட்டில் வேறு என்னவோ இருந்தது. என்ன இருந்தது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. நன்றாக இருந்தது என்று கேட்டவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

யுத்தம் முடிகிற வருடம் விஷக்காய்ச்சல் வந்தது. ரயிலில் வந்தது என்றும் கப்பலில் வந்தது என்றும் சொன்னார்கள். எப்படி வந்தாலும் எல்லா வீட்டுக்கும் வந்தது. பாடை தூக்கிவிட்டு வந்தவன் மறுநாள் பாடையில் போனான். மருதுவுக்கு உடம்பு கொதித்த அன்று வைத்தியர் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது, ஏனென்றால் அவரும் கிடந்தார். செம்மலை நூலகத்துக்கு ஓடினான். அந்தத் தடித்த புத்தகத்தில் பிள்ளைகளின் சுரத்துக்கு ஒரு கஷாயம் இருந்தது அவனுக்கு நினைவிருந்தது. இருந்தது என்பது மட்டும்தான் நினைவிருந்தது. புத்தகம் வெள்ளையாக இருந்தது. பண்டிதரை எழுப்பினான். அந்த நூலைத் தலைகீழாகச் சொல்லக்கூடியவராக இருந்த அவர் வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து, 'பொருள்: சுரமும் அதன் தீர்வும். பயன்: பிணி நீக்கம்' என்றார். அது செம்மலை எழுதிய வரிதான். அதில் ஒரு பிழையும் இல்லை. கஷாயம் கிடைத்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும் என்று சொல்ல முடியாது. அந்த வருடம் கஷாயம் குடித்தவர்களும் போனார்கள். ஆனால் செம்மலை அப்படி எண்ணி ஆறவில்லை.

பிள்ளை போன பிறகும் சோலையம்மாளின் வாய் நிற்கவில்லை. அரிசி களையும்போது பாடினாள், விறகு ஒடிக்கும்போது பாடினாள். அக்கம்பக்கத்தார் முதலில் அழுதார்கள், பிறகு கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒருநாள் அவள் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, அதுவரை வந்திராத கல்லூரிக்குள் நடந்து வந்து, தாள் கட்டைச் செம்மலையின் மேசைமேல் வைத்தாள்.

"இத இங்குட்டே வச்சுக்கிருங்க. வீட்டுல கெடந்தா வாயி தானா பாடிருது. எரிக்கவும் மனசு வரல."

அவள் அலமாரிகளைச் சுற்றிப் பார்த்தாள்.

"இம்புட்டையும் நீங்கதான் வெளுக்க வச்சீகளா?"

ஆமாம் என்றான். நல்ல வண்ணாராகத்தான் இருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு அவள் போனாள். அவள் கேலி பேசி அவன் கேட்டது அதுதான் கடைசி. அப்போது அங்கே வந்த பண்டிதர், நூலகத்துக்குள் வந்த எதுவும் முத்திரையில்லாமல் இருக்கக் கூடாது என்று தம் கையாலேயே ஊதா முத்திரையை அதில் குத்தினார். அதற்குப் பிறகு சோலையம்மாள் பாடவில்லை, அதிகம் பேசவுமில்லை. அடுத்த ஆடிக்குள் அவளும் போனாள். காய்ச்சல் இல்லை, பேதி இல்லை. ஒரு நாள் எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

முத்திரை விழுந்ததை வெளியே கொண்டுபோவது திருட்டு. ஆகவே செம்மலை நூலகத்திலேயே இருக்கப் பழகினான். மாணவர்கள் போன பிறகு, சன்னலில் வெளிச்சம் இருக்கும்வரை அவள் கட்டிய பாட்டில் ஒன்றை வாசிப்பான். வேகமாக வாசித்தால் தீர்ந்துவிடும் என்று ஒரு நாளைக்கு ஒன்றுக்குமேல் வாசிப்பதில்லை. தீர்ந்தால் முதலிலிருந்து தொடங்குவான். இப்படியே வருடங்கள் போயின. அலமாரி அலமாரியாகப் புத்தகங்கள் வெளுத்தன. இலக்கணம் போயிற்று, தல புராணங்கள் போயின, சோதிடம் போயிற்று. கிணற்றடிச் சுரைக்கொடி மதில் தாண்டி அடுத்த தோட்டத்துக்குள் இறங்கியது. மீரான் சாகிபு ஒரு வண்டி போதாமல் இரண்டு வண்டி கொண்டுவந்தார். கடைசியில் அந்தப் பெரிய கூடத்தில் எழுத்து உள்ள ஏடு ஒன்றுதான் மிஞ்சியது.

காரியதரிசி தை மாதம் ரங்கூனிலிருந்து வருவதாக இருந்தார். அதற்குள் அடைவு அச்சுக்குப் போக வேண்டும். பண்டிதர் செம்மலையைக் கூப்பிட்டு, ஒரு பதிவு குறைகிறதே என்றார். அது புத்தகமில்லை, பொம்பளை எழுதிய வீட்டுப் பாட்டு என்றான் செம்மலை. பண்டிதருக்குக் கண் மங்கிப்போயிருந்தது. அவருடைய குரலில் கோபம் இல்லை.

"முத்திரை விழுந்திருச்சேப்பா. நான்தான் குத்துனேன். விட்டுப்போச்சுன்னா அடைவு பொய்யாயிரும். நீ எழுதலைன்னா நான் எழுதணும். நீயே எழுது."

அவர் எழுதினால் உண்மையைத்தான் எழுதுவார். அது செம்மலைக்குத் தெரியும். தான் எழுதினால் பொய் எழுதலாம் என்பதும் தெரியும். எட்டில் ஒன்று பொய்த்தாலும் எழுத்து நிற்கும் என்பதை அந்த வைத்திய நூல் அவனுக்குக் காட்டியிருந்தது. எங்கே பொய் சொல்வது என்று யோசித்தபோதுதான் சங்கடம். ஆக்கியோன் பெயரை மாற்றினால் அவள் செய்ததை இன்னொருவருக்குக் கொடுத்ததாகும். நூலின் பெயரை மாற்றினால் பிள்ளையின் பெயர் போய்விடும். அவள் யாரிடம் கேட்டுப் பழகினாளோ அந்த வழியை, அது எட்டிய எல்லையை, எதைத் தொட்டாலும் அவளைத் தொடுவதாக இருந்தது. ஆகவே அவற்றையெல்லாம் உள்ளபடியே எழுதினான். ஆக்கியோன்: சோலையம்மாள், செம்மலை மனைவி. வழி: தாய்வழி கேட்டது. எல்லை: ஒரு வீடு. பெயர்: மருது தாலாட்டு. யாப்பு: வாய்ப்பாட்டு. பொருள்: ஒரு பிள்ளையைத் தூங்க வைப்பது. மீதி இரண்டு இடத்திலும், தன்னையே நினைத்துக்கொண்டு, மனமறிந்து பொய் எழுதினான். தான் ஒருவன் தினமும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, அதைக்கொண்டே ஒவ்வொரு நாளையும் கடத்திக்கொண்டிருக்கும்போது, இதைவிடப் பெரிய பொய் இல்லை என்று அவனுக்குப் பட்டது. கேட்போர்: எவருமில்லை. பயன்: யாதுமில்லை. மை காய்ந்ததும் அன்றைக்குரிய பாட்டை வாசித்துவிட்டு, பல நாளுக்குப் பிறகு வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கினான்.

காலையில் அவன் கல்லூரி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே துடைப்பச் சத்தம் கேட்டது. எல்லாம் வெளுத்துப்போன கூடத்தில் அள்ள என்ன இருக்கிறது என்று அவனுக்கு உடனே தோன்றவில்லை. சிட்டாள் கடைசி அலமாரிக்கு முன்னால் குந்தியிருந்தாள்.

"இன்னைக்கு ஒரு புடிதான் தம்பி. ஆனா மொறத்துல ஒட்டிக்கிட்டு விழ மாட்டேங்குது."

செம்மலை தாள் கட்டை எடுத்துப் பிரித்தான். கடைசிவரை பிரித்தான். அப்போதுதான் பண்டிதர் முன்பு சொன்ன கல்யாண வீடு அவன் நினைவுக்கு வந்தது. யாருக்காகச் செய்ததோ அவன்தான் கேட்போன். மருது மண்ணுக்குள் போய் வருடங்களாகியிருந்தன; தூங்க வைக்கப் பிள்ளையில்லாத தாலாட்டுக்குப் பயனும் இல்லை. செம்மலை அந்தப் பாட்டுகளுக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டிருந்தவன்தான். அவன் எழுதியது பொய்யில்லை. அடைவிலேயே அதைப்போலப் பிழையற்ற பதிவு வேறு இல்லை. முந்திய நாள் வாசித்த பாட்டின் முதல் வரியை நினைக்கப் பார்த்தான். 'ஒரு பிள்ளையைத் தூங்க வைப்பது' என்று வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை. சிட்டாளிடமிருந்து முறத்தை வாங்கி, ஒட்டியிருந்ததையெல்லாம் விரலால் வழித்துத் துண்டில் முடிந்துகொண்டான்.

மாதக் கடைசியில் வந்த மீரான் சாகிபு கதையைக் கேட்டு, வெளுத்த தாள் கட்டை வண்டியில் ஏற்றாமல் திரும்பக் கொண்டுவந்தார். "வச்சுக்கங்க மாப்ளே. இது போயி கணக்கெழுத வேணாம்" என்றார். வெறுந்தாள் எனக்கு எதற்கு சாய்பு என்று செம்மலை அதை அவர் கையிலேயே கொடுத்துவிட்டான். தை மாதம் அடைவு அச்சாகி வந்தது. நல்ல கட்டமைப்பு என்று எல்லாரும் பாராட்டினார்கள். காரியதரிசி கூடத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து அதை முழுவதும் வாசிக்கக் கேட்டார். அதற்கப்புறம் நூலகத்துக்குள் போக யாருக்கும் காரியம் இல்லை.

சுமங்கலியாகப் போனவளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை சேலை வைத்துப் படைப்பது செம்மலை வீட்டு வழக்கம். படைத்த சேலையை ஓலைப்பெட்டியில் வைத்து, மறு வருடம் எடுத்துத் துவைத்து மறுபடி படைப்பார்கள். துவைப்பது பெண்கள் வேலை. வீட்டில் பெண் இல்லாததால் அவனே கண்மாய்க்குக் கொண்டுபோனான். துண்டில் முடிந்திருந்ததை அந்தச் சேலையின் மடிப்புக்குள்தான் கொட்டி வைத்திருந்தான். நனைத்துக் கல்லில் அடித்ததும் கறுத்த நீர் இறங்கியது. முதல் வருடம் பக்கத்தில் நின்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார்கள். மறு வருடம், சாயம் போகிற சேலை போலிருக்கிறது என்றார்கள். சேலை வெளுக்கவுமில்லை, கறுப்பு தீரவுமில்லை. பிறகு பெண்கள் ஒன்றைக் கவனித்தார்கள். அந்தக் கறுப்பு தண்ணீரில் கலந்து பரவுகிற நேரத்தில், கரையில் இடுப்பிலும் தோளிலும் இருந்த கைக்குழந்தைகள் எல்லாம், அழுதுகொண்டிருந்ததுகூட, தூங்கிவிட்டன. அதிலிருந்து செம்மலை அண்ணன் சேலை அலசுகிற நாள் எது என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு, பாய், தலையணை உறை, ஜமுக்காளம் என்று பெரிய துணிகளையெல்லாம் அந்த நாளுக்கு ஒதுக்கினார்கள். பிள்ளைகளை வரிசையாகப் புங்க மர நிழலில் கிடத்திவிட்டு வேலையைப் பார்த்தார்கள். கறுப்பு மற்றவர் துணியில் படாதிருக்கப் படித்துறையின் கீழ்ப்படியை அவனுக்கு விட்டுக்கொடுத்தார்கள். அவன் அங்கே நின்று அடித்து அலசினான். துணி கல்லில் விழுகிற சத்தத்தைத் தவிர அவனுக்கு எதுவும் கேட்கவில்லை.