அத்திப்பள்ளிக் கூட்டம்

அத்திப்பள்ளிக்குப் போகிறேன் என்று அழகர்சாமி சொன்னதும் பொற்கொடி சிரித்தாள்.

“குடிய நிறுத்தறதுக்கு அத்திப்பள்ளியா? இதுக்கு முன்ன சொன்ன பொய்யெல்லாம் இதவிட நல்லா இருந்துச்சுய்யா.”

அவள் சிரித்ததில் தப்பில்லை. ஓசூரில் ஒருவன் அத்திப்பள்ளிக்குக் கிளம்பினால் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. ஜூஜூவாடி சோதனைச் சாவடியைத் தாண்டினால் கர்நாடகம். இங்கே கடை மூடியிருக்கும் நேரத்திலும் அங்கே சரக்கு கிடைக்கும். ஷிப்ட் முடிந்த கம்பெனி ஆட்கள் அப்படியே பஸ் ஏறிவிடுவார்கள். அழகர்சாமியும் ஏறியவன்தான். ஒருமுறை அங்கிருந்தே, கூட வேலை பார்க்கும் திம்மப்பனை விட்டு அவளிடம் போனில் பேச வைத்தான். “சூப்பர்வைசர் பேசறேம்மா, உங்க வீட்டுக்காரருக்கு ஓவர்டைம் போட்டிருக்கு” என்றான் திம்மப்பன். பின்னால் யாரோ ஊறுகாய் கேட்டது அவள் காதில் விழுந்துவிட்டது.

குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் கூட்டம் ஓசூரிலும் உண்டு. ஆனால் அது மாலையில். இந்த வாரம் அவனுக்கு மாலை ஷிப்ட். அடுத்த வாரம்வரை தாங்காது என்று அவனுக்குத் தெரியும். முன்பு இரண்டு தடவை கோயிலில் சத்தியம் செய்து கயிறு கட்டிக்கொண்டான். கயிறு நைந்து விழுந்த அன்றே குடித்தான். இப்போது ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தொடவில்லை. டம்ளரைப் பிடித்தால் தண்ணீர் தளும்புகிறது.

கூட்டத்தின் எண்ணுக்குப் போன் செய்தபோது அக்பர் பாஷா என்பவர் எடுத்தார். “அத்திப்பள்ளில காலைல ஒண்ணு நடக்குது தம்பி. நான் அங்கதான் இருப்பேன். வந்துருங்க.”

“அந்தப் பாய்கிட்ட நீயே பேசு” என்று பொற்கொடியிடம் போனை நீட்டினான்.

“பேச்செல்லாம் கேட்டாச்சு. உள்ள போயி வீடியோ கால் போடு. ரூமு, ஆளுங்க, எல்லாம் காட்டு. பாப்பாவக் கூட்டிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுல நிப்பேன். காட்டுனா வீட்டுக்குத் திரும்பறேன். காட்டலன்னா கிருஷ்ணகிரி பஸ் ஏறி சிங்காரப்பேட்டைக்கு, எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் நீ வந்து எங்கண்ணன் கால்ல உழுந்தாலும் வரமாட்டேன்.”

“காட்டுறேன்” என்றான். லேசான காரியமாகத்தான் தோன்றியது.

அத்திப்பள்ளியில் இறங்கி, பாஷா சொன்ன அடையாளத்தைத் தேடினான். போர்டு கிடையாது. ஒயின் ஷாப்பை ஒட்டிய சந்து, முட்டுச்சந்து, கடைசியில் நீலக் கதவு. கடைக்காரர் அவனைப் பார்த்ததும் கிளாஸை எடுத்து வைத்தார். அழகர்சாமி தலையைக் குனிந்துகொண்டு சந்துக்குள் நுழைந்தான்.

கதவருகே நரைத்த தாடியுடன் பாஷா நின்றிருந்தார். கையில் பிளாஸ்டிக் கூடை. அதில் நாலைந்து போன்கள்.

“ஆஃப் பண்ணி இதுல போட்டுருங்க தம்பி.”

“ஒரு நிமிசம் பாய். வீட்டுல காட்டணும். நம்ப மாட்டேங்குறா.”

“யாரக் காட்டுவீங்க?”

அழகர்சாமி உள்ளே பார்த்தான். அவன் கையிலிருந்த போனைக் கண்டு ஒருவர் சட்டைப் பையை உள்ளங்கையால் மூடினார். அதில் கம்பெனி பெயர் தைத்திருந்தது. ஒரு பெண் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“வர்றது வெளிய தெரியாதுன்னுதான் இவங்க வர்றாங்க” என்றார் பாஷா. “நீங்க வந்ததும் யாருக்கும் தெரியாது.”

“தெரியணும் பாய். தெரியலன்னா அவ போயிருவா.”

பாஷா கதவைச் சாத்திவிட்டுச் சந்தில் இறங்கினார். “என் மூஞ்சியக் காட்டுங்க. என்னைய இந்த ஊரே பாத்திருக்கு.”

பொற்கொடி உடனே எடுத்தாள். பஸ் ஸ்டாண்ட் இரைச்சல்.

“அஸ்ஸலாமு அலைக்கும்மா. நான் அக்பர் பாஷா. தம்பி இங்கதான் இருக்காரு.”

“திம்மப்பனுக்கு லீவா? இன்னிக்குப் புது ஆளு” என்றாள். “ஏய்யா, அவருக்குப் பின்னால என்னா அது?”

அழகர்சாமி திரும்பிப் பார்த்தான். கடையின் பின்சுவர். காலி பாட்டில் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன.

“கூட்டம் இந்தப் பக்கம்டி. கதவுக்கு உள்ள.”

“தொறந்து காட்டு.”

அவன் பாஷாவைப் பார்த்தான். பாஷா தலையை மெல்ல ஆட்டினார். கூடாது.

“காட்டக் கூடாதாம்” என்றான்.

“ஆமாமா. அங்க நடக்கறதக் காட்டக் கூடாதுதான்.” அவள் கத்தவில்லை. கிருஷ்ணகிரி, கிருஷ்ணகிரி என்று கண்டக்டர் கூவியது கேட்டது. “பாப்பா, படியப் பாத்து ஏறு.” திரை அணைந்தது.

மறுபடி அடித்தான். எடுக்கவில்லை. மறுபடி. சுவிட்ச் ஆஃப்.

ஓடினால் பஸ் பிடிக்கலாம். ஓசூர் போய்ச் சேர்வதற்குள் அவள் வழியிலுள்ள சூளகிரியைத் தாண்டியிருப்பாள். அதற்கும் முன்னால் இந்தச் சந்தைத் தாண்ட வேண்டும். சந்துக்கு ஒரே வாய். வாயில் கடை. கிளாஸ் எடுத்து வைத்தபடியே இருக்கும்.

“போறதுன்னா போங்க தம்பி” என்றார் பாஷா. “இங்க யாரும் யாரையும் புடிச்சு வெக்கிறதில்ல.”

அழகர்சாமி போனைப் பாஷாவிடம் கொடுத்தான். அவர் அணைத்துக் கூடையில் போட்டார்.

உள்ளே ஒருவர் கன்னடத்தில் பேச ஆரம்பித்திருந்தார். பாதிதான் புரிந்தது. அழகர்சாமி கதவிலிருந்து மிகத் தள்ளியிருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தான். அதன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

“பாய், தாழ்ப்பாள் போடுங்க.”

“வழக்கமா போடறதில்லயே தம்பி.”

“இன்னிக்குப் போடுங்க.”