ஏழு தாள்களில் ஒரே குறிப்பு

1

2025 மே 5, திங்கட்கிழமை முதல் மே 11, ஞாயிற்றுக்கிழமை வரை, ராமநாதபுரத்தில் அச்சான ஒரு தினசரிக் காலண்டரின் ஏழு தாள்களில் ஒரே குறிப்பு இருந்தது.

இந்தக் கதை அங்கிருந்துதான் வந்தது. அந்தக் குறிப்பை எழுதியவன் நான். தாளின் மேல்பாதியில் வேதவசனம் இருக்கும். அதைச் சபையில் தேர்ந்து தருவார்கள். கீழே இரண்டு வரி என் பொறுப்பு. ஆண்டுக்கு முந்நூற்று அறுபத்தைந்து. 'கோபத்தில் எழுதிய செய்தியை உடனே அனுப்பாதீர்கள். குளித்துவிட்டு வந்து படியுங்கள்.' 'ஜெபத்தில் ஒருவர் பெயரைச் சொன்னால், அந்த வாரத்துக்குள் அவரைப் போய்ப் பாருங்கள்.' 'பெரிய வேலை பயமுறுத்தினால் முதல் பத்து நிமிடத்தை மட்டும் செய்யுங்கள்.' இவற்றை நான் நம்புகிறேன். நம்பாதவனுக்கு நாற்பதாவதில் கை நின்றுவிடும்.

மே 5க்கு எழுதியது: 'நீங்கள் பேச்சை நிறுத்தியிருக்கும் ஒருவரிடம் இன்று நீங்களே முதலில் பேசுங்கள்.'

அச்சகம் நடத்தும் ரிஃபாய் அதை ஏழு நாளுக்கும் ஒட்டிவிட்டார். [திருத்தம்: பிழை பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான்.] கண்டுபிடித்தபோது காலண்டர்கள் சுவர்களில் தொங்கிக்கொண்டிருந்தன.

"விடுங்கண்ணே," என்றார் ரிஃபாய். "எங்க வீட்டுல நான் ஏழு தடவ சொன்னாத்தான் ஒரு வேல நடக்கும். உங்க ஆளுக மட்டும் ஒரு தடவையில கேட்டுருவாகளா?"

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

'கடல் அன்று…' வேண்டாம். மண்டபத்தில் நடக்கும் கதை என்பதற்காகக் கடலை முதல் ஆளாக உள்ளே விட வேண்டியதில்லை.

'சுகந்தி நல்லவர்.' இதுவும் வேண்டாம். அவர் செய்ததை இன்னும் சொல்லவில்லை.

'இருட்டறையில் நீல விளக்கு எரிந்தது.' இது இருக்கட்டும்.

மண்டபத்தில் ஒரு நண்டு கம்பெனி. அவித்த நண்டின் சதையைப் பெண்கள் உரித்தெடுப்பார்கள். டின்னில் அடைக்கும் முன் அது ஒரு சின்ன இருட்டறைக்குப் போகும். நீல வெளிச்சத்தில் சதை மங்கிவிடும். தப்பிக் கிடக்கும் ஓட்டுச் சில்லுகள் மட்டும் மினுங்கும். அவற்றைப் பொறுக்குவது சுகந்தியின் வேலை. கையும் நகமும் நீலம். தலைக்கு மேல் ஏசி ஒரே சுரத்தில் முனகும். சில நேரம் தான் பொறுக்குவது சில்லா நட்சத்திரமா என்று தெரியாமல் போகும் என்றார்.

"வெளிய வந்தா வெயிலே பொய் மாதிரி இருக்கும்ணே."

இந்த வரி என்னுடையது இல்லை. என்னுடையதாக இருந்திருந்தால் அடித்திருப்பேன்.

3

அவர் செய்தது.

ஒவ்வொரு பெண்ணின் தட்டிலும் அவளுடைய எண் போட்ட டோக்கன் இருக்கும். மூன்று வருடம் முன்பு, தானும் சதை உரித்துக்கொண்டிருந்த காலத்தில், ஒருநாள் அவசரத்தில் பக்கத்தில் உட்காரும் இராமலட்சுமியின் டோக்கனைச் சுகந்தி தன் தட்டில் வைத்துவிட்டார். அந்தத் தட்டில் ஓடு கிடந்து, வாங்கியவர்கள் சரக்கைத் திருப்பி அனுப்பினார்கள். கம்பெனி டோக்கனைப் பார்த்தது. இராமலட்சுமியை அவிக்கும் கொட்டகைக்கு மாற்றினார்கள். அடுத்து இராமலட்சுமிக்கு வரவேண்டிய நீல விளக்கு நாற்காலி சுகந்திக்கு வந்தது. தூத்துக்குடியில் நர்சிங் படிக்கும் மகள் சிநேகாவின் படிப்பு அந்த நாற்காலியின்மேல் நிற்கிறது.

சுகந்தி உண்மையைச் சொல்லவில்லை. பிறகு எதையுமே சொல்லவில்லை. முகம் பார்த்துப் பேச முடியாமல் பேச்சை நிறுத்திக்கொண்டார். கொட்டகைக்குப் போனதால் சுகந்தி தன்னை மதிக்கவில்லை என்று இராமலட்சுமி நினைத்துக்கொண்டார்.

[இந்த இடத்தில் சுகந்திக்காக ஒரு நியாயம் எழுதியிருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. எடுத்துவிட்டேன்.]

4

மே 5. வீட்டுக் காலண்டரில் தாளைக் கிழித்துவிட்டு வந்த சுகந்தி, கம்பெனி வாசலில் இராமலட்சுமியிடம் கேட்டார்: "மழ வருமா?"

"மேல பாத்துத் தெரிஞ்சுக்க. என்னயக் கேக்குற," என்றார் இராமலட்சுமி.

மே 6. அதே குறிப்பு. "சாப்டியா?"

"ஏன்டி, மூணு வருசமா நான் பட்டினி கெடக்கேன்னு நெனச்சியா?"

மே 7. இராமலட்சுமியே முந்திக்கொண்டார். "இன்னைக்கி என்ன கேக்கப் போற? பேரு, ஊரா?" சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். சுகந்தியும் சிரித்தார்.

மே 8. தூக்குச்சட்டியில் இருந்த புளிக்குழம்பு இருவர் சோற்றிலும் விழுந்தது. சுகந்தி காலண்டர் குறிப்பைப் பற்றிச் சொன்னார். "உங்க காலண்டரா பேச வைக்குது? நல்ல காலண்டரா இருக்கே. எம் புருசனுக்கு ஒண்ணு வாங்கிக் குடு," என்றார் இராமலட்சுமி.

மே 9. ஆவி பட்டு வெந்த முன்கையைக் காட்டி இராமலட்சுமி சொன்னார்: "நீயாச்சும் அங்கன குளுகுளுன்னு இருக்க. அன்னைக்கி என் தட்டுல எப்பிடிடி ஓடு கெடந்துச்சு? இன்னும் எனக்கு வெளங்கவே மாட்டேங்குது."

5

மே 10, சனிக்கிழமை காலை என் போன் அடித்தது.*

"காலண்டர் எழுதுறவுகளா?"

முன்பின் தெரியாத எனக்கு, மேலே உள்ள எல்லாவற்றையும் சுகந்தி சொன்னார். நடுவில் குக்கர் மூன்று முறை கூவியது. கடைசியில் கேட்டார்: "இன்னைக்கும் அதேதான் போட்டிருக்கு. நாளைக்கு என்னண்ணே போட்டிருக்கீக?"

"கிழிச்சுப் பாக்கலாமேம்மா."

"நாளைக்கி உள்ளத இன்னைக்கே கிழிக்கலாமாண்ணே? நாளைக்கும் அதான்னா, அவ வீட்டுக்குப் போயிச் சொல்லிர்றேன். இல்லன்னா…"

*தாளின் அடியில் 'ஜெப உதவிக்கு' என்று அச்சிட்ட எண் என்னுடையது. வேறு யாரும் தங்கள் எண்ணைத் தரவில்லை.

6

இங்கே நிறுத்துகிறேன். வாசகரே, நான் இருந்த இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள்.

'அதேதான்' என்று மட்டும் சொல்லலாம். அது பொய் இல்லை. அவர் போவார்; இராமலட்சுமியின் கை ஆவியிலிருந்து வெளியே வரும். 'அது அச்சில் நேர்ந்த தவறு' என்று சொல்லலாம். அவர் பெருமூச்சு விட்டு நீல வெளிச்சத்துக்குத் திரும்பலாம். முதலாவது கதைக்கு நல்லது. ஆனால் மூன்று வருடம் தன் தவறைப் பற்றி வாய் திறக்காத ஒருவரிடம், என் தவறைப் பற்றி வாய் திறக்காமல் நான் எப்படி…

"அதேதாம்மா போட்டிருக்கு," என்றேன். "ஆனா ஒண்ணு. அது ஒரு நாளைக்குத்தான் எழுதுனது. மத்த ஆறும் எங்க தப்பு. நான் சரியாப் பாக்கல."

அந்தப் பக்கம் குக்கரை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது.

"தப்பாண்ணே?"

"ஆமாம்மா."

"ஆறுதானே தப்பு?"

"ஆறுதான்."

"வச்சிர்றேன்ணே. கம்பெனி வேன் வந்துருச்சு."

அன்று பகல் கண் அயர்ந்தேன். மீன்பிடித் தடைக்காலம்; மண்டபம் கரையோரம் விசைப்படகுகள் அசையாமல் நிற்கும் நாட்கள். கனவில் அவற்றுக்குப் பதிலாக ஏழு பெரிய தாள்கள் நின்றன. தண்ணீர் நீலமாக ஒளிர்ந்தது. ஒரு பெண் குனிந்து மணலில் எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார். ஆறு தாள்கள் ஒவ்வொன்றாக மிதந்து போயின. ஏழாவது கரையில் தட்டி நின்றது. அதில் என் கையெழுத்து இருந்தது.

7

எழுதி வைத்திருக்கும் முடிவுகள்:

அ. இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். கம்பெனி நீல அறையில் இன்னொரு நாற்காலி போடுகிறது. [அப்படி ஒரு கம்பெனியை நான் பார்த்ததில்லை.]

ஆ. சுகந்தி போகவில்லை. திங்களன்று தாளில் புதுக் குறிப்பு: 'மேசையைச் சுத்தம் செய்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.' செய்கிறார்.

இ. இதை நீங்கள் எழுதலாம். ஞாயிறு மதியம் இராமலட்சுமி வீட்டு வாசலில் சுகந்தி செருப்பைக் கழற்றுவதுவரை எழுதிப் பார்த்தேன். உள்ளே என்ன பேசினார்கள் என்பதை நான் எழுதப் போவதில்லை; கேட்கவும் இல்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவு. 2025 ஆகஸ்ட் 20, புதன்கிழமை மண்டபம் போனேன். மே 11 அன்று சுகந்தி இராமலட்சுமியிடம் சொல்லியிருந்தார். மறுநாள் கம்பெனியிலும் சொல்லியிருந்தார். நீல விளக்கு நாற்காலியில் இப்போது இராமலட்சுமி உட்காருகிறார். சுகந்தி அவிக்கும் கொட்டகையில் கூடை தூக்குகிறார். சிநேகா விடுமுறை நாட்களில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்துக்கொண்டு படிப்பைத் தொடர்கிறாள். தினமும் காலையில் கம்பெனி வாசலில் சுகந்தி இராமலட்சுமியிடம் ஒரு வார்த்தை பேசுகிறார். இராமலட்சுமி இதுவரை பதில் சொல்லவில்லை.