கந்தப்போடிக்குப் பால்

ஆடு மறுபடியும் உதைத்தது. செம்பு உருண்டு வேலியோரம் போய் விழுந்தது. உள்ளே ஒரு சொட்டுக்கூட இல்லாததால் சிந்துவதற்கு எதுவுமில்லை.

இரத்தினம்மா முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஆட்டை முறைத்தாள். அதுவும் அவளை முறைத்தது. உன்னிச்சை ஊரில் யோகவதியின் கையால் தின்று வளர்ந்த ஆடு. சக்களத்தியின் கொழுப்பு இதற்கும் ஒட்டியிருந்தது.

கந்தப்போடி பத்துப் பன்னிரண்டு வருடம் யோகவதியோடு குடித்தனம் நடத்திவிட்டு, ஈரல் கெட்டு எழும்ப முடியாமல் போன பிறகுதான் கட்டிய பெண்சாதியிடம் வந்தார். வந்தார் என்பதும் பொய். ஊர் பேசும் என்று பயந்து மகன் உதயரூபன் நேற்று வேனில் ஏற்றிக்கொண்டு வந்தான், ஆட்டையும் சேர்த்து. வாவிக்கரையில் இருக்கும் இந்த வீடு இரத்தினம்மாவுக்குத் தாய் கொடுத்த சீதனம். கதவைச் சாத்தியிருக்கலாம். சாவையாவது தன்னிடம் வைத்துக்கொள்ளட்டும் என்று திறந்துவிட்டாள். கடைசிப் பாலைத் தன் கையால் பருக்கிவிட்டால், பெண்சாதி யார் என்று பிறகு எவரும் கேட்க மாட்டார்கள்.

காலையில் பரியாரி நாடி பார்த்துவிட்டு, "பால் பருக்கிறவங்க பருக்குங்க" என்று சொல்லிப் போனார். பால்மாவை வெந்நீரில் கரைத்து மாப்பால் கொண்டு போனாள். கந்தப்போடி பல்லைக் கடித்துக்கொண்டார். "ஆட்டுப்பால்" என்றார். இங்கே வந்த பிறகு அவர் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான்.

"விடுங்கம்மா, மாப்பாலையே ஊத்துவம்" என்றான் உதயரூபன், வாசலில் நின்று.

"நீ போய் அப்பாக்குக் கிட்ட இரி மனே."

அப்போது வேலிக்கு வெளியே ஒரு குட்டி கத்தியது. ஆடு காதை நிமிர்த்தியது. சேலை கசங்க, குட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு யோகவதி நின்றாள்.

"குட்டி இல்லாம இது பால் விடாதுக்கா. நேத்து அவசரத்துல விட்டுட்டு வந்திட்டாங்க. ரெண்டு பஸ் மாறி வாறன்."

இரத்தினம்மா படலைக் கதவைத் திறக்கவில்லை. வேலிக்கு மேலால் கையை நீட்டிக் குட்டியை மட்டும் வாங்கினாள்.

"முதல்ல குட்டிய ஊட்ட விடுங்க. சுரந்த உடன புடிச்சிக் கட்டுங்க." யோகவதி வேலியைப் பிடித்தபடி சொன்னாள். "காம்ப இழுக்காதீங்கக்கா, அதுக்கு நோகும். மேல ரெண்டு விரலால அடைச்சிப் புடிங்க. மறுகா மத்த விரல ஒவ்வொண்டா மடக்குங்க."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. ஆனாலும் இரத்தினம்மா சொன்னபடி செய்தாள். சொய்யென்று பால் செம்பின் அடியில் விழுந்தது. இவளுக்கு எல்லாமே இவ்வளவு லேசாகத்தானா வந்தது என்று வயிறு எரிந்தது.

"நான் ஒருக்கா அவரப் பாத்திட்டுப் போகட்டாக்கா?"

இரத்தினம்மா செம்போடு உள்ளே போனாள்.

உதயரூபன் தகப்பனின் தலையைத் தாங்கிக்கொண்டான். பால் உதட்டில் பட்டதும் கந்தப்போடி வாயைத் திறந்தார். ஒரு கரண்டி. இன்னொன்று. இன்னும் தா என்பதுபோலச் சின்னப் பிள்ளை மாதிரி நாக்கை நீட்டினார். அவள் ஆக்கிப் போட்ட எந்தச் சோற்றுக்கும் வராத நிம்மதி அந்த முகத்தில் வந்தது. கண் அவளைத் தாண்டி வாசலில் யாரையோ தேடியது. அடுத்த கரண்டிப் பால் உள்ளே இறங்காமல் கடைவாயால் வழிந்தது.

மகன் குரலெடுத்து அழுதான். இரத்தினம்மா அவர் கண்களை மூடிவிட்டு, செம்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

யோகவதி வெயிலில் அதே இடத்தில்தான் நின்றாள். அழுகை அவளுக்கும் கேட்டிருந்தது.

"குடிச்சாராக்கா?"

இரத்தினம்மா செம்புக்குள் பார்த்தாள்.

"இல்ல. வேணாமெண்டு முகத்தத் திருப்பிட்டார். நான் கரைச்ச மாப்பாலத்தான் குடிச்சிட்டுப் போனார்."

யோகவதி தலையை ஆட்டினாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்த ரோட்டிலேயே திரும்பி நடந்தாள். ஆடு வேலியில் முட்டிக்கொண்டு அவள் போன பக்கம் கத்தியது. இரத்தினம்மா செம்பைக் கீழே வைத்துவிட்டு, கயிற்றை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.