மூணு பேருக்கு மேல் கூடாது

குடியைப் பற்றிப் பேசுகிற இடத்தில் மார்லா ஸ்டிடம் தன் முழுப் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. சர்ச்சின் கீழ்த்தளத்தில் மடக்கு நாற்காலி போட்டு நடக்கும் கூட்டங்களில் "நான் மார்லா" என்றால் போதும். மீதியை யாரும் கேட்க மாட்டார்கள். கேட்பது மரியாதை இல்லை. அந்த மரியாதையை நம்பித்தான் அவளைப் போன்றவர்கள் வாயையே திறக்கிறார்கள்.

அதனால்தான், கார்வில் நகரசபையில் பேச அவளை ஆறுக்கு ஒன்று என்ற ஓட்டில் அவள் தங்கியிருந்த வீட்டுப் பெண்கள் தேர்ந்தெடுத்தபோது, எதிர்த்து விழுந்த அந்த ஒரு ஓட்டு அவளுடையதாக இருந்தது.

கெஸ்லர் தெரு 214-ஆம் எண் வீட்டில் ஏழு பெண்கள், எட்டுக் கட்டில். குடியையோ மாத்திரையையோ ஊசியையோ விட்டவர்கள். விட்டதை மறுபடி தொடாமல் இருக்கப் பாடுபடுகிறவர்கள். வார்டன் கிடையாது, டாக்டர் கிடையாது. செவ்வாய்தோறும் சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருத்தி முன்மொழிய, இன்னொருத்தி வழிமொழிய, எல்லாவற்றையும் ஓட்டுப் போட்டுத்தான் முடிவு செய்வார்கள். யாரும் யாரையும் "கப்பை எடு" என்று சொல்லலாம். உடனே சிறுநீர் சோதனை. தொட்டிருந்தால் அன்றைக்கே பெட்டியைக் கட்ட வேண்டும். ஏப்ரலில் ரெனீட்டாவை அப்படித்தான் அனுப்பினார்கள். ரெனீட்டா மார்லாவுக்கு உயிர்த்தோழி. முதலில் கையைத் தூக்கியதும் மார்லாதான். தூக்கிவிட்டு, அவள் துணிகளை மடித்துக் கொடுத்துவிட்டு, குளியலறைக்குள் போய் அழுதாள்.

இங்கே வருவதற்கு முன் மார்லா நாலு தடவை குடியை விட்டாள். நாலு தடவையும் மூன்றாம் வாரம் தாண்டவில்லை. இந்த வீட்டில் பதினோரு மாதம் ஆகிவிட்டது. இந்தக் கூரை போனால் தானும் போனதுதான் என்று அவளுக்குத் தெரியும்.

கூரைக்குக் குறி வைத்தவர் எதிர்வீட்டு வெர்னன் ஆஷ்கிராஃப்ட். சொந்தபந்தம் இல்லாதவர்கள் மூன்று பேருக்கு மேல் ஒரே வீட்டில் குடியிருக்கக் கூடாது என்று சட்டம் போடச் சொல்லி, தெருவெல்லாம் ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கியிருந்தார். உலகத்தில் வேறு வேலையே இல்லாத மனிதர்.

திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்கு நகரசபை மண்டபம் நிரம்பி வழிந்தது. மார்லா உள்ளே நுழைந்ததும் மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு கை ஆடியது. கெயில் டார்னன். மார்லா சமைக்கும் முதியோர் இல்லத்தின் மேற்பார்வையாளர்.

"மார்லா! வா, இங்க வா, உனக்கு இடம் போட்டு வெச்சிருக்கேன்" என்றாள் கெயில். "நீயும் கையெழுத்துப் போட்டியா? நல்ல காரியம் பண்ணினே. அந்தப் போதைக் கும்பலை இப்படியே விட்டா நம்ம ஊரு என்னத்துக்கு ஆகும்?"

"முன்னாடி உட்காரணும் மேடம்" என்று முணுமுணுத்துவிட்டு மார்லா நகர்ந்தாள். இடம் பிடித்து வைத்த கெயிலின் கைப்பை அந்த நாற்காலியில் அப்படியே இருந்தது.

ஆஷ்கிராஃப்ட் முதலில் பேசினார். "ஏழு பொம்பளைங்க. வாசல்ல உட்கார்ந்து சிகரெட்டு. ஓயாத சிரிப்பு. அப்படி என்னதான் சிரிப்போ! என் பேத்தி சைக்கிளை வெளிய எடுக்கவே பயப்படுறா. ஒரு குடும்பம் வாழுற வீடா அது? சொல்லுங்க."

பிறகு தலைவர் ஹாஸ்கின்ஸ் மார்லாவைக் கூப்பிட்டார். "முழுப் பெயர், முகவரி. பதிவுக்கு."

"மார்லா."

"முழுப் பெயரும்மா. அது இல்லாம பேச முடியாது."

உள்ளூர்ப் பத்திரிகைக்காரன் பேனாவோடு காத்திருந்தான். பெயரையும் முகவரியையும் சொன்னால் வேலை போகும். சொல்லாமல் உட்கார்ந்தால் வீடு போகும். திரும்பிப் பார்த்தாள். கெயில் அவளுக்குத் தைரியம் சொல்வதுபோல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் மார்லாவுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

"மார்லா ஜீன் ஸ்டிடம். இருநூத்திப் பதினாலு, கெஸ்லர் தெரு. அந்தப் போதைக் கும்பல்ல நானும் ஒருத்தி."

கெயிலின் கை நாற்காலியில் இருந்த பைக்குப் போனது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எங்க வீட்ல குடிச்சா அன்னைக்கே வெளிய" என்றாள் மார்லா. "என் உயிர்த்தோழியையே அனுப்பியிருக்கேன். கெஸ்லர் தெருவுல வேற எந்த வீட்லயாவது இந்தச் சட்டம் இருக்கா? எப்ப வேணா வாங்க, கப்பு குடுங்க, சோதிச்சுப் பாருங்க. நாங்க ரெடி. இந்த மண்டபத்துல இருக்கிற எல்லாரும் ரெடியா? ஆஷ்கிராஃப்ட் சார், முதல்ல உங்களுக்கு ஒரு கப்பு தரட்டுமா?"

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். ஆஷ்கிராஃப்டின் கழுத்து சிவந்தது.

ஹாஸ்கின்ஸ் சுத்தியலைத் தட்டினார். "மரியாதையா பேசும்மா. அந்த வீட்டுக்குத் தலைவர்னு யாராவது இருக்காங்களா?"

"இல்லீங்க. ஓட்டுப் போடுவோம். உங்களை மாதிரிதான். ஆனா நாங்க சோதனை பண்ணிட்டுதான் உட்காருவோம்."

மண்டபத்தின் சிரிப்பை அடக்க ஹாஸ்கின்ஸுக்கு ஒரு நிமிடம் பிடித்தது. அப்புறம் ஓட்டெடுத்தார்கள். நாலுக்கு மூன்று. ஆஷ்கிராஃப்டின் சட்டம் நிறைவேறியது. முப்பது நாளுக்குள் 214-ஆம் எண்ணில் மூன்று பேருக்கு மேல் இருக்கக் கூடாது.

வாசற்படியில் கெயில் வழிமறித்தாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மார்லா."

"சொல்லியிருந்தா வேலைக்கு எடுத்திருப்பீங்களா?"

கெயில் கைப்பையின் வாரைச் சரிசெய்தாள்.

"நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வருவேன். வேண்டாம்னா எழுதிக் குடுங்க. காரணத்தையும் சேர்த்து எழுதுங்க."

மறுநாள் ஆறு மணிக்குப் போனாள். ஓட்ஸ் கஞ்சி கிண்டினாள். கெயில் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எழுதியும் கொடுக்கவில்லை. பயந்தாளோ வெட்கப்பட்டாளோ, யார் கண்டது.

அன்று செவ்வாய். வீட்டுக் கூட்டம். அறுபது வயது பாபி கிரான்ஸ் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு நகரசபைக் கடிதத்தைப் படித்தாள். அந்த மாதம் கூட்டம் நடத்தும் முறை அவளுடையது.

"மூணு பேரு இருக்கலாமாம். நாலு பேரு போகணுமாம். யாரு யாருன்னு நாமே முடிவு பண்ணிக்கலாமாம். ரொம்பப் பெரிய மனசு." கடிதத்தை மேசையில் போட்டாள். "வந்த கடுதாசியைத் தீர்மானமா வெக்கணும், அதுதான் நம்ம விதி. போகவேண்டிய நாலு பேரை இப்பத் தேர்ந்தெடுக்கணும்னு முன்மொழியறேன். யாரு வழிமொழியறா?"

ஒருத்தியும் அசையவில்லை. கடைசியாக வந்த ட்வைலாவுக்கு அங்கே இருபது நாள்தான் ஆகியிருந்தது. போகச் சொன்னால் முதலில் தன்னைத்தான் சொல்வார்கள் என்று மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மார்லா அவளைப் பார்த்தாள். பதினோரு மாதம் ஆனவள் என்கிற கணக்கில் அந்த மூன்று பேரில் தனக்கு இடம் நிச்சயம். அது மார்லாவுக்கும் தெரியும், மற்ற ஆறு பேருக்கும் தெரியும். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அந்த நினைப்பு இனித்தது. அதற்காகத் தன்னையே அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது அவளுக்கு.

"இன்னொரு தடவை கேக்கறேன்" என்றாள் பாபி. "வழிமொழிய ஆள் உண்டா?"

"உனக்கே அதுல விருப்பம் இல்லையே பாபி, அப்புறம் எங்களை ஏன் கேக்கறே?" என்றாள் மார்லா.

"விதின்னா விதிடி."

"அப்போ விதிப்படியே எழுதிக்கோ. வழிமொழிய ஒருத்தியும் இல்ல. தீர்மானம் செத்துப்போச்சு. நம்ம மாதிரி வீடுகளுக்காக வாதாடற வக்கீலம்மாவுக்குப் போன் போட்டு, கோர்ட்டுக்குப் போறோம்னு சொல்லு. பேர் வேணும்னா என் பேரைப் போடச் சொல்லு. அதான் பேப்பர்லயே வந்துடுச்சே."

ட்வைலா மூக்கை உறிஞ்சினாள். பாபி நோட்டில் எழுதிக்கொண்டாள்.

"அடுத்து என்ன?" என்று கேட்டாள் மார்லா.

"முன்னறையில ஒரு பொண்ணு காத்திருக்கா. ரெனீட்டாவோட கட்டிலுக்கு" என்றாள் பாபி.

எல்லோரும் மார்லாவைப் பார்த்தார்கள். "கூப்பிடு" என்றாள் மார்லா.

வந்தவள் பெயர் கோரின். அன்று காலைதான் சிகிச்சை மையத்திலிருந்து வெளியே வந்திருக்கிறாள். பையைக் கீழே வைக்காமல் நின்றபடியே கேள்விகளுக்குப் பதில் சொன்னாள். எங்கேயும் உட்கார அவளுக்குத் தைரியம் இல்லை. கடைசியில் ஏழு கைகளும் உயர்ந்தன.

"ஒண்ணு சொல்லிடறேன்" என்றாள் மார்லா. "இந்த வீட்ல மூணு பேருக்கு மேல இருக்கக் கூடாதுன்னு நேத்துதான் நகரசபையில சட்டம் போட்டாங்க. உன்னோட சேர்த்து எட்டு. போலீஸ் வரலாம், நோட்டீஸ் வரலாம். எதிர்வீட்டு ஆளு தினமும் முறைப்பாரு. நாங்க போறதா இல்ல. நீ வர்றியா?"

கோரின் ஏழு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு பையைத் தரையில் வைத்தாள்.

"என் கட்டில் எது?" என்று கேட்டாள்.